தளபதியின் வரைபடமும் கொக்குவில் வீடுகளும்

ஆவடியில் வாழும் நமக்குப் படைத்துறை அந்நியமானதன்று. அமைதிப்படையில் பணியாற்றித் திரும்பியவரும், அப்படையின் குண்டுகளுக்குத் தப்பி வந்த ஈழத்து அகதியும் ஒரே கடைவீதியில் காய்கறி வாங்கிய ஊர் இது. இருவரும் அதைப்பற்றிப் பேசிக்கொண்டதில்லை. அந்தப் பேச்சை இரு நூல்கள் நம்முன் நடத்துகின்றன.

1983-இல் மூண்ட இலங்கை உள்நாட்டுப் போரின் தொடக்கக் கட்டம், 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தோடு முடிந்ததாகக் கருதப்பட்டது. அக்டோபரில் இந்தியப் படையே போரில் இறங்கியது. அதன் முதல் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங், 'இன்டர்வென்ஷன் இன் ஸ்ரீலங்கா' என்னும் நூலை 2007-இல் வெளியிட்டார். பேச்சுக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடுமாறு தூதர் தீட்சித் கூறியதாகவும், தாம் மறுத்ததாகவும் அதில் எழுதுகிறார். நூலின் உயிர்நாடி இப்பகுதியே. படைவீரனுக்கும் ஒரு வரம்பு உண்டு என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன தளபதிகள் சிலரே.

ஆயினும், பழி எங்கே விழுகிறது என்று பார்க்குங்கால் குறை தென்படுகிறது. தூதர் தவறினார், உளவுத்துறை தவறியது, மேலிடம் தவறியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறங்கிய சீக்கியக் காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் மாண்டனர், ஒருவர் சிறைப்பட்டார். இத்தகைய இழப்பைச் சொல்லும் தலைவனிடம், தன்னைக் குறித்த கேள்வியையும் வாசகன் எதிர்பார்க்கிறான்.

அந்தக் கேள்வியை 'முறிந்த பனை' கேட்கிறது. ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், க. சிறிதரன், ராஜனி திராணகம என்னும் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் எழுதிய நூல் அது. நடையில் ஒழுங்கு குறைவுதான். அரசியல் ஆய்வும் கண்கண்ட சாட்சியமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ஆனால் 1987 தீபாவளியன்று யாழ் மருத்துவமனைக்குள் படையினர் புகுந்து நோயாளரையும் மருத்துவரையும் தாதியரையும் கொன்றதைப் படிக்கும்போது, ஒழுங்கைத் தேட மனம் வருவதில்லை. இந்தியப் படையைக் கண்டித்த அதே கை புலிகளையும், தம் சமூகத்தின் மௌனத்தையும் கண்டித்தது. ஒருகாலத்தில் புலிகளை ஆதரித்த ராஜனி, 1989 செப்டம்பர் 21-இல், சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நூல் அச்சேறியதை அவர் காணவில்லை.

இரண்டையும் வாசிக்க விரும்புவோர் 'முறிந்த பனை'யை முதலில் எடுப்பது நலம். நான் தளபதியின் நூலை முதலில் படித்தேன். கொக்குவில் என்பது வீடுகள் நிறைந்த ஊர் என்பது நெடுநேரம் என் நினைவுக்கு வரவில்லை.