காது கண்டுபிடிக்கும், கேஜ்தான் சரிசெய்யும்

வானூர் வட்டத்தில் திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலும் கிரஷர்களிலும் ஜல்லி ஏற்றி ஓடும் பழைய டிப்பர்களுக்கும், ஊர்ச் சரக்கு ஏற்றும் டாடா 407களுக்கும் பொதுவாக வருகிற நோய் ஒன்று உண்டு. வேகம் பிடித்ததும் பின்னாலிருந்து ‘ஊ’ என்று ஓர் ஊளை கிளம்பும். டிரைவர்கள் அதைக் ‘கிரவுன் சத்தம்’ என்பார்கள். சாலையோரப் பட்டறைகள் அந்த நோயைக் கண்டறிவதில் கெட்டி. குணப்படுத்துவதில்தான் கோட்டை விடுகின்றன.

முதலில் கெட்டியான பக்கம். விவரமான மெக்கானிக் எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தொடமாட்டார். வண்டியை ஓட்டிப் பார்ப்பார். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் சத்தம் மாறினால் பின் அச்சின் டிஃபரன்ஷியலில் ஒன்றோடொன்று கடித்துச் சுற்றும் கிரவுன், பினியன் கியர்களின் பற்கள் மீது சந்தேகம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே உறுமல் என்றால் பேரிங். வளைவில் மட்டும் கேட்டால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்ன கியர்களையோ வீல் பேரிங்கையோ பார்க்க வேண்டும். கிளட்சை விடும்போது ‘டொக்’ என்றால், டிஃபரன்ஷியல் ஹவுசிங்கைத் திறக்கும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கிராஸை ஆட்டிப் பார்ப்பார். தார்ச்சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்கு ஏறியதும் சத்தம் மாறினால், டயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். கம்பெனிக் கையேடு சொல்லும் சோதனைகளும் ஏறத்தாழ இவைதான்.

இந்தக் காதுக்கும் ஓர் எல்லை உண்டு. வண்டியை ஜாக்கியில் தூக்கி, நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஹவுசிங்கில் ஊன்றி, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டால் கெட்டுப்போன பேரிங் பிடிபடும். ஆனால் அந்தரத்தில் சுற்றும் சக்கரத்தால் பல்லின்மேல் சுமை ஏறாது. லோடில் வரும் ஊளை அங்கே கேட்காது. ‘ஒன்றுமில்லை’ என்று வண்டியை அனுப்பிவிடுவதும் உண்டு.

சிக்கல் ரிப்பேரில் தொடங்குகிறது. கெட்டியான 140 ஆயிலை ஊற்றுவது முதல் குறுக்குவழி. அது சத்தத்தைச் சற்று அமுக்குமே தவிர, தேய்ந்த பல்லை வளர்க்காது. பினியன் நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குவது இரண்டாவது. ஆட்டம் போய்விடும், சில நாள் அமைதியாகவும் இருக்கும். அளவுக்கு மீறி அழுத்தப்பட்ட பேரிங் பிறகு சூடேறிக் கருகும். பினியனை மட்டும் பழைய இரும்புக் கடையில் வாங்கிப் போடுவது மூன்றாவது. கிரவுனும் பினியனும் ஆலையிலேயே ஒன்றோடொன்று உரசி இணங்கவைக்கப்பட்ட ஜோடி. ஜோடி மாறினால் ஊளை போகாது.

சாதாரணக் கார்களில் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விடும் இடைவெளி பெரும்பாலும் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர்; லாரிகளில் கொஞ்சம் கூடும். இதைக் கையால் ஆட்டிப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. டயல் கேஜ் வேண்டும். பல்லில் சாயம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பேரிங் மட்டும் மாற்றுகிற வேலை என்றால் இடைவெளியைச் சரிக்கட்டும் பழைய ஷிம் தகட்டின் அளவைக் குறித்துக்கொள்வது முக்கியம். ஓடித் தேய்ந்த பற்கள் பழைய இடத்துக்கே பழகியிருக்கும். இடம் நகர்ந்தால் இல்லாத சத்தமும் வரும்.

கிரஷர் வண்டிகளில் எளிதில் கண்ணில் படாத காரணம் ஒன்றும் உண்டு. ஹவுசிங் மேலிருக்கும் காற்றுப்போக்கியான பிரீதரைக் கல்தூள் அடைத்தால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறும்; ஆயில் சீலைத் தாண்டிக் கசியும். ஆயில் குறைந்தபின் பேரிங் சாகும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் அதே கசிவு திரும்பி வரும்.

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. வண்டி நின்றால் அன்றைய வருமானம் போச்சு. “சாயங்காலத்துக்குள்ள முடிச்சிக் குடுண்ணே” என்று உரிமையாளர் நிற்கும்போது சாயம் தடவிப் பார்க்க நேரம் ஏது? மறுபக்கம், பெரிய சர்வீஸ் சென்டர்கள் முழு அசெம்பிளியையே மாற்றச் சொன்னால், பழைய வண்டிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே இந்த வேலைக்குச் சாலையோரப் பட்டறையே பொருத்தமான இடம். அங்கே குறைவது திறமையல்ல. ஒரு டயல் கேஜும் அரைநாள் பொறுமையும்தான்.

உரிமையாளர்களே, வண்டியை விடும்போது பட்டறையில் கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். அளந்து பூட்ட அரைநாள் கூடுதலாகக் கொடுங்கள். மறுபடி ஹவுசிங்கைத் திறக்கும் செலவை விட அந்த அரைநாள் மலிவு.