ஒற்றை வாய் விறகடுப்பு: கொல்லையில் வைத்துப் பார்த்ததில்

திருவையாற்றில் காஸ் இல்லாத வீடு இன்று அரிது. ஆனாலும் விறகடுப்பை யாரும் முழுசாக விட்டுவிடவில்லை. குளிக்க வெந்நீர், நெல் அவியல், கொல்லையில் வைக்கிற பொங்கல், விசேஷத்துக்கு அண்டா நிறையச் சோறு, மணிக்கணக்கில் கிண்ட வேண்டிய அசோகா அல்வா, இதற்கெல்லாம் சிலிண்டரைச் செலவழிக்க யாருக்கும் மனசு வராது. அந்த வேலைகளுக்கென்று இப்போது கடைகளில் உலோக விறகடுப்பு விற்கிறார்கள். அதை வாங்கிக் கொல்லையில் வைத்துப் புழங்கிப் பார்த்த அனுபவம் இது.

அமைப்பு எளிது. வெளியே இரும்புத் தகடு, உள்ளே சூடு தாங்கும் உறை, 'ட' எழுத்துப்போல் மடங்கிய ஒரு குழாய். கிடைமட்ட வாயில் ஒரு கம்பித் தட்டு. விறகு அதன்மேல், காற்று அதன்கீழ். தீ செங்குத்தான அறைக்குள் ஏறும்போது சூடு பக்கவாட்டில் தப்பாது, அதனால் புகையிலும் பெரும்பகுதி அங்கேயே எரிந்துவிடும். 1980களில் அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி என்பவர் உருவாக்கிய ராக்கெட் அடுப்பின் வழிவந்தது இது. மூன்று கல் கூட்டிய அடுப்பில் விறகின் வெப்பத்தில் சுமார் பத்து சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 13152 விதியோ, மின்விசிறி இல்லாத அடுப்பு குறைந்தது 25 சதவீதமும், விசிறி வைத்தது 35 சதவீதமும் தரவேண்டும் என்கிறது. வாங்கும்போது அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

விறகு மிச்சமாவது உண்மை. வெந்நீர் சீக்கிரம் கொதிக்கிறது, ஊதாங்குழலுக்கு வேலையே இல்லை. ஆனால் இதெல்லாம் காய்ந்த, மெல்லிய விறகுக்குத்தான். பெருவிரல் கனத்துக்குப் பிளந்த கருவேலோ பூவரசோ வைத்தால் அடுப்பு சீறிக்கொண்டு எரிகிறது. ஐப்பசி மழையில் நனைந்த மட்டையைச் செருகினால் மண்ணடுப்பைப் போலவே கண்ணைக் கரிக்கிறது. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் காய்ந்தது, மொத்தென்றால் ஈரம். மூங்கிலைக் கணுக்களுக்கு இடையே பிளக்காமல் வைக்கக் கூடாது, உள்ளே அடைபட்ட காற்று சூடேறி வெடித்துக் கங்கைச் சிதறடிக்கும். அரளிக் கட்டையை அடுப்புப் பக்கமே கொண்டுவரக் கூடாது. அதன் நஞ்சு புகையிலும் உண்டு.

இந்த அடுப்பில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வாய்ப்பக்கம். விறகு நுனியில் எரிய எரிய உள்பாகம் லேசாகி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பாகம் கனக்கிறது. நாம் குழம்பைக் கிளறிக்கொண்டிருக்கிற நேரத்தில் கொள்ளி மெல்லச் சாய்ந்து தட்டிலிருந்து வழுக்கித் தரையில் விழும், கங்கு தெறிக்கும். கூடவே வருகிற தாங்கு கம்பி குட்டையாக இருப்பதால் உதவவில்லை. வாய்க்கு நேரே, அதே உயரத்துக்கு இரண்டு செங்கல் அடுக்கி அதன்மேல் விறகின் வால் படுகிறமாதிரி வைத்ததும் தொல்லை தீர்ந்தது. தயாரிப்பாளர்கள் இதைச் சேர்த்தே தரவேண்டும். வாயைத் திணித்து அடைத்தாலும் ஆபத்துதான். காற்றுக்கு வழியில்லாமல் தீ முன்பக்கமாக நாக்கை நீட்டும், எதிரே குந்தியிருப்பவரின் முந்தானை அங்கேதான் இருக்கும். நைலான், பாலியெஸ்டர் சேலையோடு அடுப்பின் முன் உட்காரவே கூடாது. பருத்திதான், அதையும் இழுத்துச் செருகிக்கொண்டு.

கொடியடுப்புக்குப் பழகியவர்களுக்கு இன்னொரு ஏமாற்றம். சோறு கொதிக்கும்போதே பக்கத்துக் கொடியில் ரசம் வைக்கிற வசதி இதில் கிடையாது. அகலமான அண்டாவையும் இது தாங்காது, லேசாக இடித்தாலே ஆடுகிறது. பெரிய சமையலுக்கு மண்ணடுப்பு அல்லது கோட்டை அடுப்புதான் நம்பகமானது.

அடுப்பை வைக்கிற இடத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று, இதே காவிரிக் கரையில் கிழக்கே இருக்கிற கும்பகோணத்தில், பள்ளிக்கூடச் சமையலறையில் பற்றிய தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. நம் பக்கத்தில் இன்னமும் அடுப்படிக்கு மேலே கீற்றுக் கொட்டகைதான் நிழல். காய்ந்த கீற்றில் ஒரு பொறி போதும். அடுப்பு ஓட்டுக்கூரையின் கீழோ திறந்தவெளியிலோ இருக்கட்டும், கீற்றும் வைக்கோல்போரும் எட்டாத தூரத்தில். ஆடிக் காற்றில் பொறி எத்தனை தூரம் பறக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். காற்று வீசுகிற திசைக்கு வாயைத் திருப்பாதீர்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சட்டி மணலும் வையுங்கள். கொஞ்சமும் பற்றாத விறகில் மண்ணெண்ணெயை ஊற்றுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பன்னாடையும் பாளையும் இருக்கிற ஊரில் அதற்குத் தேவையே இல்லை.

புகை குறைந்துவிட்டது என்ற தைரியத்தில் சிலர் இதை வீட்டுக்குள் தூக்கி வைக்கிறார்கள். அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. பி.எம். 2.5 எனும் நுண்துகள் ஒரு நாளில் கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். விறகெரிகிற அடைத்த சமையலறையில் அது சாதாரணமாக நூற்றுக்கணக்கில் போகும். இந்த அடுப்பு அதைக் குறைக்குமே தவிர, அந்த அளவுக்குள் கொண்டுவந்துவிடாது. அதைவிடக் கொடியது தணல். புகை அடங்கிக் கங்கு சிவந்து கனிகிற நேரத்தில்தான் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். பிள்ளை பெற்றவளுக்குச் சாம்பிராணி போட அந்தத் தணலை அள்ளிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்துகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும், புகை காட்டியதும் சட்டி உடனே வெளியே வரட்டும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு தெரிந்தால் எல்லோரும் வெளியே வந்து 108ஐ அழையுங்கள்.

சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரை உயிரோடிருக்கும், எருக்குழியில் அப்படியே கொட்டாதீர்கள். இரும்புச் சட்டியில் அள்ளி, அதில் தண்ணீர் தெளியுங்கள். சூடான அடுப்புக்குள் ஊற்றினால் உள்ளுறை வெடித்துவிடும், ஆவி முகத்தில் அடிக்கும். கை சுட்டுக்கொண்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். மையும் பற்பசையும் வேண்டாம்.

நான்கைந்து பேர் இருக்கிற வீட்டில் வெந்நீருக்கும் எப்போதாவது வைக்கிற கொல்லைச் சமையலுக்கும் தாராளமாக வாங்கலாம். அன்றாடச் சமையல் காஸிலேயே நடக்கட்டும், வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் கட்டாயம். உள்ளே இருக்கிற கம்பித் தட்டுதான் முதலில் அரித்துப்போகும். அது தனியாகக் கிடைக்கிறதா என்று கடையில் கேட்டு, கிடைத்தால் அடுப்போடு சேர்த்தே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.