கோடு பழக்கும் கண்

நான் ஓவியம் முறையாகப் படித்தவன் இல்லை. வேலை போக மிஞ்சும் நேரத்தில் வரைகிறவன். பேனாவும் கறுப்பு மையும் எடுத்துக்கொண்டு கோயில் தூண் எதிரே உட்காருவதைவிடப் பெரிய சுகம் எனக்கு வேறு கிடையாது.

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலில் நாயக்கர் காலச் சிற்பங்கள் இருக்கின்றன. அரசகுமாரியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவனைப் பார்த்து, 'அடேயப்பா' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். வரைய உட்கார்ந்தால்தான் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, இடுப்பு எவ்வளவு திரும்புகிறது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்.

பேனா ஓவியத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. வெளிச்சத்துக்கென்று கோடு கிடையாது. அந்த இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். கன்னத்து மேட்டைத் தொடாமல், தாடைக்கு அடியில் நெருக்கமாகச் சாய்கோடுகள் இழுத்தால் முகம் திரண்டு எழும். நிழல் இன்னும் அடர வேண்டுமா, குறுக்கே இன்னொரு வரிசை.

இதைப் பழகிய பிறகுதான் ஓவியர் சில்பியின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது. ஆனந்த விகடனின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலைகளின் எதிரே அமர்ந்து வரைந்தவர். அவருக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் ஓவியர் மாலி. சில்பியின் படங்களில் கல்லின் கனமும் தெரியும், முகத்தின் கருணையும் தெரியும்.

சிற்பத்தை ரசிக்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு பென்சில் எடுத்து, சிலையின் ஒரு கையை மட்டுமாவது வரைந்து பாருங்கள். படம் சுமாராக வந்தாலும் பரவாயில்லை. அடுத்த கோயிலில் நீங்கள் சிற்பம் பார்க்கும் விதமே மாறியிருக்கும்.