நிய்யத்தும் பரிசும்: கஸ்ஸாலியை உளவியலோடு சேர்த்து வாசித்தல்

மனித ஊக்கல் பற்றி உளவியல் இன்று சொல்வதை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அன்றே சொல்லிவிட்டார் என்ற பேச்சு நமது மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. கேட்க மனம் குளிரத்தான் செய்கிறது. ஆனால் அவர் சொன்னது என்ன, உளவியலாளர் கண்டது என்ன என்று பிரித்துப் பார்ப்பவர் குறைவு. "நிய்யத்த சரியா வைங்க, மத்ததெல்லாம் தானா வரும்" என்பதோடு உரை முடிந்துவிடும். இந்த வசனத்தை முதலில் மறுப்பவர் கஸ்ஸாலியாகவே இருப்பார்.

இஹ்யா உலூமித்தீனின் 40 நூல்களில் 37ஆவது நிய்யத், இக்லாஸ், ஸித்க் ஆகியன பற்றியது. நிய்யத் என்பது நாவால் மொழிவதோ மனதுக்குள் சொல்லிக்கொள்வதோ அல்ல என்கிறார் இமாம். தனக்கு நலன் என்று கண்டதை நோக்கி உள்ளம் எழுந்து சாய்வதே நிய்யத். சாய்வு இல்லாத இடத்தில் சொல்லால் அதை உண்டாக்க முடியாது. வயிறு நிறைந்தவன் "எனக்குச் சாப்பாட்டில ஆசை வரோணும் எண்டு நிய்யத் வெக்கிறன்" என்றால் ஆசை வந்துவிடுமா? உதாரணம் இமாமுடையது, பேச்சுவழக்கு மட்டும் நம்முடையது.

அதே நூலில் ஒரு செயலுக்குப் பின்னால் இரண்டு தூண்டல்கள் சேரும் விதங்களை அவர் மூன்றாக வகுக்கிறார். ஏழை உறவினர் ஒருவர் உதவி கேட்கிறார். ஏழ்மை மட்டுமே இருந்தாலும் கொடுப்போம், உறவு மட்டுமே இருந்தாலும் கொடுப்போம் என்றால் அது முராபகா. பணக்கார உறவினருக்கும் கொடுக்க மாட்டோம், அந்நிய ஏழைக்கும் கொடுக்க மாட்டோம், இரண்டும் சேர்ந்தால்தான் கை நீளும் என்றால் அது முஷாரகா. ஒன்று தனியே போதுமானது, மற்றது செயலை இலகுவாக்க மட்டும் துணை நிற்கிறது என்றால் அது முஆவனா. இவற்றைப் பிரித்தறியும் கேள்வி ஒன்றுதான்: மற்றத் தூண்டல் இல்லாவிட்டாலும் இதைச் செய்வேனா?

ஏறத்தாழ இதே கேள்வியை 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். எல்லோரும் வண்ணப் பேனாவால் படம் வரைய விரும்பியவர்கள். ஒரு குழுவுக்கு, வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. இன்னொரு குழுவுக்குச் சொல்லாமலே அது கொடுக்கப்பட்டது. மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரங்களுக்குப் பின் பரிசுப் பேச்சே இல்லாமல் அதே பேனாக்கள் வைக்கப்பட்டன. பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதியையே வரைவதில் செலவிட்டார்கள்.

கஸ்ஸாலியின் வகைப்பாடு ஒரு செயலின் தூண்டல்களை அந்த வேளையில் நிறுத்துப் பார்க்கிறது. காலப்போக்கில் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடலாம் என்று காட்டியதே இந்த ஆய்வின் பங்கு. முஆவனாவாக உள்ளே வந்த பரிசு கொஞ்ச நாளில் வீட்டுக்காரனாகிவிடுகிறது. 1999இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் ஆகியோர் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், எதிர்பார்த்துப் பெறும் பொருட்பரிசு அக ஊக்கலைக் குறைப்பதையும், சிறுவர்களிடம் அந்தப் பாதிப்புக் கூடுதலாக இருப்பதையும் கண்டார்கள். ஆர்வமே இல்லாத வேலையில் இந்த இழப்பு ஏற்படுவதில்லை. இல்லாததைக் குறைக்க முடியாதல்லவா!

இதை வைத்து "பரிசே கூடாது, கஸ்ஸாலியும் அதைத்தான் சொன்னார்" என்று எழுதினால் அது பிழையான வாசிப்பு. நரக பயத்தாலும் சுவர்க்க ஆசையாலும் அமல் செய்பவரின் நிய்யத்தை அவர் தள்ளிவிடவில்லை. படித்தரத்தில் கீழே வைக்கிறார், அவ்வளவுதான். அச்சத்தை அடியானைச் செலுத்தும் சாட்டை என்கிறார். அளவு மீறினால் அது நிராசையில் தள்ளும் என்றும் எச்சரிக்கிறார். டெசியும் ரயனும் தேடுவது மனிதனின் சுயாதீனத்தை; கஸ்ஸாலி தேடுவது அல்லாஹ்வுக்கு அடிமையாதலை. பாதையின் ஒரு பகுதி ஒன்றாக இருப்பதால் போய்ச் சேரும் ஊரும் ஒன்றாகிவிடாது. "அன்றே சொல்லிவிட்டார்" என்ற பெருமைப் பேச்சு இந்த வேறுபாட்டை மறைத்து இரு தரப்புக்கும் அநியாயம் செய்கிறது.

இந்த வாசிப்பு நமக்கு வேண்டியது நம்மட பிள்ளைகளுக்காக. தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் வீதியெங்கும் பதாகை. "பாஸானா சைக்கிள் வாங்கித் தாறன்" என்கிறார் வாப்பா. குர்ஆன் மத்ரஸாவில் ஸூரா மனனமிட்டால் பரிசு. நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் ஓதலின் இனிமையால் ஏற்கெனவே ஓதிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு முன்கூட்டியே பரிசை அறிவிப்பது, உள்ளே எரியும் விளக்குக்கு வெளியே இருந்து காற்று அடிப்பதாகிவிடலாம். சாய்வை உண்டாக்கும் வழி, செய்வதன் நலனை உள்ளம் உணரச் செய்வதே என்கிறார் இமாம். ஓதும் வசனத்தின் பொருளைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசும் உஸ்தாத் அந்த வேலையைச் செய்கிறார். பரிசளிப்பு விழா நடத்தும் நிர்வாகங்கள் பட்டியல் தயாரிக்க முன்பு கஸ்ஸாலியின் கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும்: அடுத்த வருடம் பரிசு இல்லை என்றால் இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஓத வருவார்கள்?