களரி சுருங்குகிறது

ஜலகண்டாபுரம் வட்டாரத்தில் கோயில் பண்டிகை என்றால் கூத்து உண்டு. தறிச் சத்தம் ஓய்ந்த ஊரில் விடிய விடிய மிருதங்கம் கேட்கும். மறுநாள் டீக்கடையில் துரியோதனன் வேஷம் எப்படி, கோமாளி எப்படி என்று பேசுவோம். ஆடிய தரையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கிரிக்கெட் என்றால் டாஸ் போடும் முன்பே பிட்ச்சை அலசுகிறோமே, கூத்துக்கும் அந்த அலசல் வேண்டும்.

அந்தத் தரைக்குப் பெயர் களரி. பழைய களரியில் என்ன இருந்தது? கட்டாந்தரை, மூன்று பக்கம் சனம், பின்னால் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை. காட்சிப்பொருள் என்று பார்த்தால் இரண்டு பேர் பிடிக்கும் ஒரு துணித்திரை, அவ்வளவுதான். அந்தத் திரை செய்யும் வேலையைக் கவனியுங்கள். வேஷக்காரர் உள்ளே நின்று பாடுகிறார். மேலே கிரீடத்தின் முனை ஆடுகிறது, கீழே சலங்கைக் கால் தெரிகிறது, முகம் மட்டும் தெரியவில்லை. ஏக்கம் முற்றிய நேரத்தில் திரை விலகும்போது, புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் பூட்டிய ஆள் இரண்டு ஆள் அகலத்துக்கு நிற்கிறார். அந்தக் கட்டைகளில் பதித்த கண்ணாடித் துண்டுகள் தீப்பந்தத்தின் ஆடும் வெளிச்சத்துக்கென்றே பிறந்தவை.

களரி அந்தத் திரையோடு முடிவதுமில்லை. பாரதக் கூத்தில் அர்ச்சுனன் நெடிய தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். போர் முடியும் படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் வெட்டவெளியில் மல்லாந்து கிடப்பான். பகாசுரனுக்குச் சோறு ஏற்றிய வண்டி தெருத்தெருவாகப் போகும்போது ஊரே மேடையாகிவிடும்.

நாடகக் கம்பெனிகள் வேறு வழியில் போயின. எழுதிய படுதா, தந்திரக் காட்சி என்று கன்னையா, நவாப் ராஜமாணிக்கம், 1954-இல் நேஷனல் தியேட்டர்ஸ் தொடங்கிய ஆர்.எஸ்.மனோகர் எல்லாரும் கண்ணைக் கட்டி வைத்தார்கள். டிக்கெட் வாங்கி எதிரே உட்காரும் கொட்டகைக்கு அது சரி. மூன்று புறமும் திறந்த களரிக்கு அது பொருந்தாது.

ஐரோப்பாவின் ஆபெராவும் நம் கூத்தைப் போல இசையால் நகரும் நாடகம்தான். 1876-இல் பைராய்ட் அரங்கைத் திறந்த வாக்னர், வாத்தியக் குழுவை மேடைக்கு அடியில் மறைத்து வைத்தார். பாடகரின் குரல் தடையில்லாமல் சபைக்கு வந்தது. அதே அரங்கில் 1951-இல் அவருடைய பேரன் வீலாண்ட் மலையையும் கோட்டையையும் தூக்கியெறிந்து, வெறும் தளத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் வைத்தார். பிறகு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபெரா 2010-இல் அதே வாக்னரின் நாடக வரிசைக்குச் சுமார் 45 டன் எடையில், 24 பலகைகள் சுழலும் இயந்திரத்தை ஏற்றியது. அதன் கடகடப்பு பாட்டுக்கு இடைஞ்சல் என்று விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். என் கட்சி வீலாண்ட் கட்சி. ஆளுக்கு இடம் விடுவதுதான் நல்ல மேடை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நான்கு அடி உயர சிமென்ட் மேடை, பின்னால் பிளெக்ஸ், முகத்தில் அடிக்கும் எல்இடி, நடுவில் ஒரு மைக். ஆட்டத்தை அதிகம் கெடுப்பது அந்த மைக்தான். குரல் எடுபட வேண்டுமே என்று எல்லா வேஷமும் அதன் முன்னாலேயே நிற்கிறது. வட்டமடித்துச் சுழல வேண்டிய வீமன் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வருகிறார். உயர மேடையில் முன்வரிசைக்குக் கால் தெரிவதில்லை. அடவே தெரியாத கூத்து பாதிக் கூத்து. தட்டையான வெளிச்சத்தில் கண்ணாடிகளும் செத்துவிடுகின்றன. வேஷக்காரர்களிடம் திறமை குறையவில்லை. களம்தான் அவர்களைக் கட்டிப்போட்டிருக்கிறது.

பண்டிகை நடத்தும் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை மேடையை வரவேற்புரைக்கு விட்டுவிட்டு, கூத்தைத் தரையில் இறக்குங்கள். ராஜவேஷக்காரர்களுக்குக் காலர் மைக் வாடகைக்கு எடுங்கள். விளக்குகளில் பாதியை அணைத்துவிட்டு, சனத்தை மூன்று பக்கமும் பாய் விரித்து உட்காரச் சொல்லுங்கள்.