பட்டவன் சாட்சி: பழைய மருந்து விளம்பரங்களை ரசிப்பது எப்படி?

சுசீந்திரத்துக்கு வருகிறவர்கள் கோயிலின் இசைத்தூணைத் தட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், பதினெட்டடி அனுமாரை அண்ணாந்து பார்க்கிறார்கள். அவர்களை வீட்டுக்குக் கூட்டிவந்து நூறு வருஷத்துப் பத்திரிகைக் கட்டு ஒன்றைப் பிரித்து, கடைசிப் பக்கத்து மருந்து விளம்பரத்தைக் காட்டினால், இரண்டு வரி படித்துச் சிரித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கதைக்கும் கவிதைக்கும் அந்த இதழ்களைத் தேடிப்போகிற ஆய்வாளர்களும் இந்தப் பக்கத்தில் நிற்பதில்லை. நம் ஆட்களுக்கு எங்கே வலித்தது, எதற்குப் பயந்தார்கள், எதற்காக முடிந்துவைத்த காசை அவிழ்த்தார்கள் என்பதெல்லாம் அச்சில் கிடக்கிற இடம் அது.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘பேட்டன்ட் மருந்து’ என்று பெயர்தானே தவிர, பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. காப்புரிமை வாங்கினால் சேர்மானத்தை வெளியே சொல்ல வேண்டும். மருந்து விற்றவர்களுக்கோ ரகசியம்தான் முதல். அதனால் பெயரையும் லேபிளையும் மட்டும் காத்துக்கொண்டார்கள். அடுத்தது தபால். 1877-இல் இந்தியத் தபால் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. பார்சல் கைக்கு வந்தபிறகு காசு கொடுத்தால் போதும் என்றானதும் பம்பாய் மருந்தும் சென்னை மருந்தும் திண்ணைக்கே வந்தன. இனி விளம்பரத்தில் விலையைப் பாருங்கள், நோய்ப் பட்டியலைப் பாருங்கள், படத்தைப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்கள் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போங்கள். மற்றவர்கள் வீட்டு மச்சில் ஏறி, பழைய பஞ்சாங்கத்தின் பின்னட்டையைத் திருப்புங்கள். இவ்வளவுதான் அரிச்சுவடி.

இனி முக்கியமான விஷயம். எந்த விளம்பரத்திலும் நீங்கள் முதலில் தேட வேண்டியது நற்சாட்சிப் பத்திரம். அதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று பதவியில் இருப்பவர் சொல்லும் பதவிச் சாட்சி, மற்றது நோவு பட்டவனே சொல்லும் பட்டவன் சாட்சி. இந்த வித்தியாசம் பிடிபடாதவரை ஆயிரம் விளம்பரம் பார்த்தும் பயன் இல்லை.

பதவிச் சாட்சிக்கு கிளோரோடைனை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ராணுவ டாக்டராக இருந்த ஜான் காலிஸ் பிரவுன் காலராவுக்கென்று கூட்டிய மருந்து. அபின் கரைசல், கஞ்சா, குளோரோஃபார்ம் மூன்றும் அதில் உண்டு. வலி அடங்கியது, வயிற்றோட்டம் நின்றது. கூடவே பழக்கமும் பிடித்தது, அளவு மீறிக் குடித்துச் செத்தவர்களும் உண்டு. விளம்பரத்தில் பேசுகிறவர் யார்? 1864-இல் நடந்த வழக்கில் நீதிபதி பேஜ் வுட். பிரவுன்தான் இதைக் கண்டுபிடித்தவர் என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னதைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். உன்னிப்பாகப் படியுங்கள்: மருந்து யாருடையது என்பதைத்தான் நீதிபதி சொன்னார், யாருக்காவது குணமானதா என்பது அவர் முன்னால் வந்த கேள்வியே இல்லை. நோயாளி அந்த விளம்பரத்துக்குள் வரவே இல்லை. பட்டமும் முத்திரையும் வந்து உட்கார்ந்துகொண்டன.

பட்டவன் சாட்சிக்கு பீச்சம் மாத்திரை. இங்கிலாந்தில் செயின்ட் ஹெலன்ஸ் சந்தையில் அதை வாங்கித் தின்ற ஒரு பெண், ‘ஒரு பெட்டி ஒரு கினி பெறும்’ என்று சொன்னதாகக் கதை. அதுவே அந்த மாத்திரையின் நிரந்தர வாசகம் ஆயிற்று. ஒரு கினி 21 ஷில்லிங். பெட்டி விற்றது 1 ஷில்லிங் ஒன்றரைப் பென்ஸுக்கு. 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ரகசிய மருந்துகளைப் பிரித்துப் பார்த்துப் புத்தகம் போட்டபோது, அந்த மாத்திரைக்குள் இருந்தவை மூசாம்பரம், இஞ்சி, சோப்பு. மூசாம்பரம் பேதிக்கு நல்ல சரக்கு என்று நம் ஆச்சிமாருக்கும் தெரியும். நாலு நாள் வயிறு கட்டிக் கிடந்தவளுக்கு அது இளகிய காலையில் கினி பெரிய காசாகத் தோன்றியிருக்காது. கதை கட்டியதாகவே இருக்கட்டும். நீதிபதி பெயரை இழுத்துவர முத்திரை ஒன்று போதும்; நோயாளி குரலைக் கட்டுவதற்கோ நோவு தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் எழுதினால் பட்டவர்கள் வாங்க மாட்டார்கள்.

நம் பக்கத்திலும் இதே கண்ணால் பாருங்கள். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். கச்சேரிக்கு வந்தவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்தார். யாருடைய கடிதமும் வேண்டியிருக்கவில்லை; தடவிய நெற்றியே சாட்சி. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சுருளிமலையில் கருணானந்தர் என்ற துறவியிடம் மருந்துமுறை கற்று, அவர் பெயரிலேயே சஞ்சீவி மருந்துகள் செய்து விற்றார். 1912 முதல் தம் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார்; 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. நம் இசை எழுத்தாளர்கள் சுருதிக் கணக்குக்கு நூறு பக்கம் கொடுத்துவிட்டு, அதற்குப் படியளந்த கோரோசனை மாத்திரையை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். மாத்திரை வாங்கியவர்களின் நோவுதான் அந்த மாநாடுகளுக்குப் பந்தல் போட்டது. இதைச் சொல்லக் கூச்சப்படுவது அரைகுறைப் படிப்பு.

டாக்டர்களின் சுயவிளம்பரமும் பதவிச் சாட்சிதான். பெயருக்குப் பின்னால் எழுத்துகளை அடுக்கி, பட்டத்தையே காசுக்கு வாங்கிப் போட்டுக்கொள்வது பெருகியதால் 1916-இல் போலிப் பட்டங்களுக்கு எதிராகச் சட்டம் வந்தது. 1954-இல் மாய நிவாரண விளம்பரங்களைத் தடுக்கும் சட்டமும் வந்தது. இன்றைக்கும் தொலைக்காட்சியில் ஒரு வெள்ளைக் கோட்டு வந்து நின்றால் போதும் என்றுதான் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்து வர்ம ஆசான்மார் பலருக்கு அந்தக் காலத்தில் பெயர்ப்பலகையே கிடையாது. எலும்பு கூடிய ஆள் சந்தையில் கையை வீசி நடப்பான். அடுத்த வாரம் ஆசான் வீட்டு முற்றத்தில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த விளம்பரங்களைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு காபிக் கடைச் சுவரில் மாட்டுவது இப்போது நாகரிகம். படம் அழகு என்பதற்குமேல் மாட்டுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ‘எவ்வளவு ஏமாளிகள்’ என்று எழுதுகிற விமர்சகர்கள் அதைவிட மேலோட்டம். பழசெல்லாம் அமிர்தம் என்கிறவர்களோ சோப்பைத் தின்னச் சொல்கிறவர்கள். நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவப் பணி 1838-லேயே வந்துவிட்டது. ஆனாலும் நடு இரவில் பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது சுசீந்திரத்தில் வண்டி பூட்டி நெய்யூர் போய்ச் சேர விடிந்துவிடும். மச்சில் ஒரு குப்பி இருப்பது அந்த இரவுக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்று யோசிக்காதவர்கள் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. எங்கள் மச்சில் கொல்லம் 1101-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கம் ஒன்று இருக்கிறது. பின்னட்டையில் இழுப்பு மருந்து விளம்பரம், நான்கு நற்சாட்சிகள். முதலில் ஒரு ஜட்ஜ், பிறகு ஒரு தாசில்தார், ஒரு ஜமீன்தார். கடைசியில் பொடி எழுத்தில் யாரோ ஒரு தகப்பன்: பிள்ளை இப்போது படுத்து உறங்குகிறது என்று. பாட்டா பென்சிலால் கோடு போட்டிருப்பது அந்த ஒரு வரியின் அடியில். ஓரத்தில் தபால் செலவுடன் கணக்கும் எழுதியிருக்கிறார்.

ஆச்சியிடம் ஒருமுறை கேட்டேன். “ஒனக்க பெரிய அத்தைக்குத்தான் மக்களே. படுத்தா மூச்சு முட்டும். பாட்டா ராத்திரி பூரா சுவருல சாஞ்சு, பிள்ளையை நெஞ்சுல சாத்தி வச்சுக்கிட்டு இருப்பாரு” என்றாள்.

உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்திலும் எங்காவது கோடு இருக்கும். ஜட்ஜைத் தாண்டி, கீழே தேடுங்கள்.