மலையின் அழகும் மண்ணின் நினைவும்

போர் கண்ட மனத்திற்கு இயற்கை மருந்தாகுமா? டான் மக்கலினின் புகைப்படங்களைக் காண்போர் நெஞ்சில் இக்கேள்வி எழாமற் போகாது. இளமையில் பிரிட்டிஷ் விமானப் படையில் கட்டாய சேவை செய்தவர் அவர். பின்னர் 1964இல் சைப்ரசிலும், 1968இல் வியட்நாமின் ஹுவே நகரிலும் போரின் கோர முகத்தைப் படம் பிடித்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் சாமர்செட் வெளிகளில் ஆறுதல் தேடினார். ஆயினும் அப்படங்களில் வானம் கறுத்துக் கிடக்கிறது. நீர் தேங்கிய நிலம் போர்க்களம் போலவே தோன்றுகிறது. அவர் மனம் ஆறியிருக்கலாம், மறக்கவில்லை. அவரது கலையின் நேர்மை அதுவே.

2009இல் போர் முடிந்த இலங்கையிலும், படையை விட்டு வந்த ஒருவன் காமிராவுடன் மாத்தளைக்கு வரலாம். சிகிரியாக் குன்றும் நக்கிள்ஸ் மலை முகில்களும் அவனுக்கு நல்லுறக்கம் தருமாயின் நாம் பழியோம். அவனும் பெரும்பாலும் ஏழை உழவனின் மகனே. ஆனால் பச்சைச் சரிவைப் படமெடுப்பவன், அங்குள்ள தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகளைப் படத்தின் எல்லைக்கு வெளியே தள்ளலாமா? 2012இன் இறுதியில் மாத்தளை மருத்துவமனை வளாகத்தில் ஒரு புதைகுழி வெளிப்பட்டது. 150க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. அவை எக்காலத்தவை என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. 1980களின் இறுதியில் மகனைப் பறிகொடுத்த தாய்க்கு எந்த நிலக்காட்சி ஆறுதல் தரும்?

நிலம் மருந்துதான். எனினும், ஒருவன் புண்ணை ஆற்றப் பிறர் துயரை மறைக்கும் படம் வெறும் அஞ்சலட்டையே, கலை ஆகாது.